மாவு புளித்த வாரம்

ஃபிரிட்ஜைத் திறந்தேன். தோசை மாவு புளித்துப் பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. அரைத்து வைத்து ஒரு வாரம், நான் தொடவே இல்லை. வயிற்றைப் பிசைந்தது. எனக்கு மனச்சோர்வு திரும்பப்போகிறது என்றால் முதலில் கெடுவது மாவுதான். அடுத்து அம்மாவின் போனை எடுக்கமாட்டேன்.

புனேயின் மகர்பட்டாவில் நான் வேலை பார்க்கும் அலுவலகம் ஏற்பாடு செய்த மனநல ஆலோசனை, 12 அமர்வுகளோடு முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மறுபடி வந்தால் யாரிடம் போவது என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. மனச்சோர்வு ஒருமுறை வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது திரும்ப வருகிறது. அதனால் ஆலோசனை முடியும் முன்பே நாமே கேட்டுவிட வேண்டும்: கடைசி அமர்வுகளை மாதத்துக்கு ஒன்றாகத் தள்ளி வைக்கலாமா, மூன்று மாதம் கழித்து ஒருமுறை பார்க்க இப்போதே தேதி தருவீர்களா என்று. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது.

அன்று ராத்திரி 14416-க்குப் போன் போட்டேன். மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ல், உலக மனநல நாளன்று, தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. காசு கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள். தமிழைத் தேர்ந்தெடுத்தேன்.

"சொல்லுங்கம்மா" என்றது ஒரு பெண் குரல்.

12 அமர்வும் இங்கிலீஷில் பேசியவள் நான். "மனசு பாரமா இருக்கும்மா, எதுலயும் கை ஓடல" என்று சொல்ல அன்றைக்குத்தான் வாய்த்தது. சொன்னதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடமும் இணைத்துவிடுவார்கள்.

பிறகு ஒரு தாளில் என் அறிகுறிகளை எழுதினேன்: மாவு, அம்மாவின் போன், விடிகாலை மூன்று மணி விழிப்பு. ஒரு பிரதி கணவரிடம். இன்னொன்றை எதிர்வீட்டுக் காக்குவுக்கு இந்தியில் வாசித்துக் காட்டினேன். மராத்தியில் காக்கு என்றால் சித்தி. அவர் பாதியிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை தோறும் அதிதி பூங்காவில் அவரோடு நடக்கிறேன். முதல் சுற்றிலேயே கேட்டுவிடுவார்: "டோசா ஜாலா கா?" தோசை ஆச்சா என்று.

இந்த வாரம், "ஜாலா, காக்கு" என்றேன். அவருக்கும் நாலு கட்டிக்கொண்டு போயிருந்தேன்.