புயலுக்குப் பின் பள்ளி

தமிழில் ‘பள்ளி’ என்னும் சொல் பல பொருள் குறிப்பது. படுக்கை, துயிலிடம் என்பன அதன் பழம்பொருள்களுள் அடங்கும். பள்ளியறை, பள்ளியெழுச்சி என்னும் வழக்குகளில் அப்பொருள் இன்றும் நிலைபெற்றுள்ளது. சமண, பௌத்தத் துறவியர் தங்கிய இடங்களும் பள்ளி எனப்பட்டன. அவ்விடங்களில் கல்வியும் புகட்டப்பட்டமையால் கல்விக்கூடம் அப்பெயர் பெற்றது என்பர் அறிஞர். முஸ்லிம்களாகிய நாம் இறைவனைத் தொழும் இடத்தையும் பள்ளிவாசல் என்றே அழைக்கிறோம். தங்குதல், கற்றல், தொழுதல் ஆகிய மூன்றையும் ஒரு சொல்லில் அடக்கியுள்ளது நம் மொழி.

கடற்கரை மாவட்டங்களில் புயல் வீசும் இரவுகளில் இச்சொல் தன் பழம்பொருளுக்கே திரும்பக் காண்கிறோம். குடிசைகளில் வாழ்வோர் பாயும் பாத்திரமும் கைக்குழந்தையுமாக ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வந்து தங்குகின்றனர். கரும்பலகைக்குக் கீழே அடுப்பு மூட்டாக் குறையாகக் குடும்பங்கள் குடியேறுகின்றன. காற்று ஓய்ந்து இரண்டொரு நாள் கழிந்ததும் ஒரு வினா எழுகிறது: பள்ளிக்கூடத்தை மீண்டும் எப்போது திறப்பது?

இவ்வினா எளியது போலத் தோன்றினும் எளியதன்று. விரைந்து திறந்தால் ஒருவகைத் தீங்கு. காலந்தாழ்த்தினால் வேறொருவகைத் தீங்கு. இரண்டையும் சீர்தூக்கி முடிவு காணும் முறையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காற்று ஓய்ந்தால் போதுமா?

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் பின்னிரவில் ‘கஜா’ புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் காற்று வீசியது. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்கள் பெருஞ்சேதம் அடைந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. தலைமுறை தலைமுறையாகக் காத்த தென்னந்தோப்புகள் ஓரிரவில் வீழ்ந்தன. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் நிவாரண முகாம்களில் தங்கினர். அம்முகாம்களுள் பல பள்ளிக்கூடங்களிலேயே அமைந்திருந்தன.

புயல் கடந்தபின் வெயில் அடித்தது; வானம் தெளிந்தது. ஆயினும் பள்ளிகளை உடனே திறக்க இயலவில்லை. புயலுக்கு முன் விடப்படும் விடுமுறைக்கும், புயலுக்குப் பின் பள்ளி திறப்பதற்கும் அடிப்படை வெவ்வேறு என்பதை இது காட்டுகிறது. முன்னதற்கு வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பு வழிகாட்டுகிறது. காற்றின் வேகமும் மழையின் அளவும் கருவிகளால் அளந்து கூறப்படுகின்றன. பின்னதற்கு அத்தகைய அறிவிப்பு எதுவும் இல்லை. ஊறிய சுவர் நிற்குமா, சாய்ந்த மரம் விழுமா, கிணற்று நீர் குடிக்கத் தகுமா என்பவற்றை யாரேனும் ஒருவர் நேரில் சென்று கண்டே கூற வேண்டும். மழை வானத்திலிருந்து வருவது. பள்ளி நிற்பதோ மண்ணில். ஆகவே, திறப்பதற்கு முன் வானத்தைப் பார்ப்பது மட்டும் போதாது; மண்ணைப் பார்த்தாக வேண்டும்.

முடிவு செய்வது யார்?

நம் மாநிலத்தில் புயல், மழைக் காலங்களில் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவரும் அவரே. ஆயினும் ஒரு மாவட்டம் முழுவதும் ஒரே நிலையில் இருப்பதில்லை. 2018இல் வேதாரண்யமும் சீர்காழியும் ஒரே நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தன. தெற்கே வேதாரண்யம் பட்ட பாடும் வடக்கே சீர்காழி கண்ட காற்றும் ஒன்றல்ல. வட்டம் வட்டமாகப் பிரித்து அறிவித்தாலும், ஓர் ஊரின் ஓட்டுக் கட்டடத்தின் நிலையை ஆட்சியர் தம் அலுவலகத்திலிருந்து அறிய முடியாது.

எனவே, பள்ளிகள் திறக்கலாம் என்னும் அறிவிப்பை இசைவாகக் கொள்ள வேண்டுமே தவிர, சான்றிதழாகக் கொள்ளலாகாது. பள்ளியின் நிலையைக் கண்டு கூற வேண்டிய பொறுப்பு தலைமையாசிரியரையும் நிருவாகத்தையும் சார்ந்தது. ‘எல்லாப் பள்ளிகளும் திறந்துவிட்டன, நாமும் திறப்போம்’ என்பது காரணமாகாது.

காண வேண்டியவை

முதலாவது, கட்டடம். மழையில் ஊறிய சுவர் மழையின்போதே விழ வேண்டும் என்பதில்லை. நீரால் அதன் எடை கூடுகிறது, அடிமண் இளகுகிறது, சில நாள் கழிந்தும் அது சரியலாம். வகுப்பறையை விட மதிற்சுவரும் கழிப்பறைச் சுவரும் பெரும்பாலும் கவனிப்பாரற்றுக் கிடக்கும். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர் உயிரிழந்தனர். அன்று புயல் வீசவில்லை. காற்றில்லாத நாளிலேயே நலிந்த சுவர் உயிரைக் குடிக்குமெனில், புயலில் அடிபட்ட சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

இரண்டாவது, மின்சாரம். ஈரச் சுவரில் மின்கசிவு உண்டாகும். முதன்மை இணைப்பைத் துண்டித்து, மின்பணியாளர் ஒருவர் ஆய்ந்த பின்னரே மீண்டும் மின்சாரம் தர வேண்டும். விளக்கும் விசிறியும் இல்லாமல் ஒரு வாரம் பாடம் நடத்தலாம். பழுதுற்ற மின்கம்பியோடு ஒரு மணிநேரமும் நடத்தலாகாது.

மூன்றாவது, நீரும் கழிப்பறையும். வெள்ளநீர் புகுந்த கிணற்றையும் தொட்டியையும் இறைத்துக் கழுவிப் பிளீச்சிங் பவுடர் இட்டு, அரைமணி நேரமேனும் கழிந்த பின்னரே நீரைப் பயன்படுத்த வேண்டும். தேங்கிய நீரில் எலியின் சிறுநீர் கலந்தால் எலிக்காய்ச்சல் பரவும். காலில் சிறு புண்ணோடு வெறுங்காலுடன் நடந்துவரும் சிறுவனே அதற்கு முதலில் இரையாவான். விழுந்த ஓலையும் ஓடும் குவிந்த இடங்களில் பாம்பு தங்கும். வளாகத்தைத் துப்புரவு செய்யும் வேலையை மாணவர் தலையில் சுமத்துவது கூடாது.

நான்காவது, வழி. பள்ளிக்கூடம் உறுதியாக நிற்கலாம். பிள்ளை வரும் வழியில் வாய்க்கால் பாலம் உடைந்திருக்கலாம். மின்கம்பி அறுந்து தொங்கலாம். எந்தத் தெருவிலிருந்து யார் வருகின்றனர் என்பதை அறிந்தவர் வகுப்பாசிரியரே. அவரைக் கேளாமல் முடிவெடுப்பது பாதிக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பதை ஒக்கும்.

தங்கியிருப்போரின் நிலை

ஐந்தாவதாகக் கருத வேண்டியது மனம் சார்ந்தது. வகுப்பறையில் தங்கியிருக்கும் குடும்பங்களை என்ன செய்வது? கூரையிழந்தவரை வெளியேற்றிவிட்டு அவர் பிள்ளைக்கே பாடம் நடத்துவது அறமாகாது. அவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக வாரக்கணக்கில் பாடத்தை நிறுத்துவதும் முறையாகாது.

இங்கேதான் நம் சமுதாயப் பெரியோர்களின் துணை தேவைப்படுகிறது. நம் ஊர்களில் ஜமாஅத்தின் பொறுப்பில் ஷாதி மஹால்கள் உள்ளன. மதரசா அறைகள் உள்ளன. பிற சமயத்தாரின் திருமண மண்டபங்களும் உள்ளன. இவற்றை மதவேறுபாடின்றித் திறந்துவிட்டால், பள்ளியில் தங்கியோர் மதிப்புக் குன்றாமல் அங்கு மாறலாம். பள்ளியும் பிள்ளைகளுக்கு மீளக் கிடைக்கும். அதுவும் இயலாதபோது, குடும்பங்களைச் சில அறைகளில் சேர்த்து, எஞ்சிய அறைகளில் முறைவைத்து வகுப்பு நடத்தலாம். புயல் வந்த இரவில் கதவைத் திறப்பது ஓர் அறம் என்றால், பத்து நாள் கழித்தும் அக்கதவைத் திறந்து வைத்திருப்பது அதனினும் பெரிய அறம்.

மூடியிருப்பதன் இழப்பு

இவ்வளவும் கூறியதால், ஐயமிருப்பின் மூடியே வைத்துவிடலாம் என்று கருதிவிடலாகாது. மூடிய பள்ளிக்கும் ஒரு விலை உண்டு. அதைக் கொடுப்பவர் வறியவரே.

தமிழ்நாட்டில் பள்ளி என்பது பாடம் மட்டுமன்று, உணவும் ஆகும். 1956இல் காமராசர் காலத்தில் விரிந்த மதிய உணவுத் திட்டம், 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவுத் திட்டமாக வளர்ந்தது. 2022இல் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவும் சேர்ந்தது. ஆகவே அரசுப் பள்ளி ஒரு நாள் மூடப்படுமாயின் ஓர் ஏழைக் குழந்தை இரண்டு வேளை உணவை இழக்கிறது. முகாமில் தங்கியோருக்கு அங்கே உணவு உண்டு; தன் சிதைந்த வீட்டிலேயே தங்கிவிட்டவன் பிள்ளைக்கு அதுவும் இல்லை. விடுமுறை என்றதும் நாம் ஓய்வை நினைக்கிறோம். அப்பிள்ளை பசியை நினைக்கிறது.

கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்பு வரை 200 நாள்களும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 220 நாள்களும் பள்ளி நடைபெற வேண்டும் என்கிறது. இழந்த நாளைச் சனிக்கிழமைகளில் ஈடுசெய்யலாம். இழந்த உணவை எச்சனிக்கிழமையில் ஈடுசெய்வது? மேலும், நாள்கள் நீள நீள, வீழ்ந்த தோப்பில் கூலிக்குச் சென்ற மாணவனும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்ற மாணவியும் திரும்பி வருவது அரிதாகிறது. அச்சமுற்ற குழந்தைக்கு வழக்கமான மணியோசையும் அறிந்த ஆசிரியர் முகமும் பெரும் ஆறுதல் என்பதையும் மறத்தலாகாது.

நபிவழி காட்டும் நடுநெறி

திறப்பது, மூடுவது என்னும் இரண்டுக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதற்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிமுறையில் தெளிவான முன்மாதிரி காண்கிறோம். குளிரும் மழையும் மிகுந்த இரவுகளில், மக்கள் தத்தம் இருப்பிடங்களிலேயே தொழுதுகொள்ளலாம் என்று பாங்கோடு அறிவிக்குமாறு நபியவர்கள் பணித்தமையை இப்னு உமர் (ரலி) அறிவித்துள்ளார்கள். சேறு மிகுந்த ஒரு வெள்ளிக்கிழமையில் இப்னு அப்பாஸ் (ரலி) அவ்வாறே அறிவிக்கச் செய்தார்கள். கேட்டோர் வியந்தபோது, தம்மினும் சிறந்தவர் செய்ததையே தாம் செய்ததாகவும், மக்கள் சேற்றில் வழுக்கி வருவதைத் தாம் விரும்பவில்லை என்றும் விளக்கினார்கள்.

இதில் நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. வந்திருந்தோருக்கு அன்றும் உரை நிகழ்த்தப்பட்டது. வர இயலாதோர் மீதுதான் கட்டாயம் நீக்கப்பட்டது. தொழுகைக்கே இச்சலுகை உண்டெனில், பள்ளிக்கூட வருகைக்கு இல்லாமற்போகுமா?

இதையே பள்ளிக்கும் பொருத்திப் பார்க்கலாம். கட்டடம் பாதுகாப்பற்றதாயின் திறக்கவே கூடாது. அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. பாதுகாப்பு உறுதியானதும் காலந்தாழ்த்தாது திறக்க வேண்டும். உணவும் நீரும் தர வேண்டும். ஆயினும் முதற்சில நாள்கள் யாரையும் வற்புறுத்தலாகாது. சீருடை எங்கே, புத்தகம் எங்கே என்று கேட்கலாகாது, தேர்வு வைத்தலாகாது. 2015 பெருமழைக்குப் பின் சென்னை உள்ளிட்ட பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் அரையாண்டுத் தேர்வு 2016 ஜனவரிக்குத் தள்ளிவைக்கப்பட்டது இந்நெறிக்கு ஏற்ற செயலாகும்.

வருகைப் பதிவேட்டை மட்டும் தவறாது எடுக்க வேண்டும், தண்டிப்பதற்காக அன்று, தேடுவதற்காக. மூன்று நாள் வராத பிள்ளையின் பெயர், நாம் சென்று காண வேண்டிய வீட்டின் முகவரியாகும். பேரிடர் நிவாரணப் பணியை ஆசிரியருக்குரிய விதிவிலக்கான பணிகளுள் ஒன்றாகக் கல்வி உரிமைச் சட்டமே ஏற்றுள்ளது. அப்பணி அரசு ஆணையிட்டால்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை.

நிறைவாக

‘தெரிந்து செயல்வகை’ என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், கெடுவது, கிடைப்பது, பின்னாளில் பயப்பது ஆகியவற்றை ஒருசேரக் கருதிய பிறகே செயலில் இறங்க வேண்டும் என்று அறிவுறுத்துகிறார். புயலுக்குப் பின் பள்ளி திறப்பதற்கு இதனினும் பொருத்தமான அளவுகோல் இல்லை. சுவரால் கெடுவது உயிர். கதவடைப்பால் கெடுவது உணவும் எதிர்காலமும். இரண்டையும் கண்ணால் கண்டு எண்ணியவரே முடிவு கூறத் தகுதியுடையவர்.

இம்மலரைப் படிக்கும் மாணவச் செல்வங்களுள் பலர் நாளை ஆசிரியராகப் போகிறீர்கள். சிலர் தலைமையாசிரியராகவும் நிருவாகியாகவும் அமர்வீர்கள். ஒரு புயலின் மறுநாள் காலை பள்ளிச் சாவி உங்கள் கையில் இருக்கும். அப்போது தொலைபேசியை எடுப்பதற்கு முன் வளாகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். சுவரைப் பாருங்கள், கிணற்றைப் பாருங்கள், உள்ளே பாயில் அமர்ந்திருப்போரின் முகத்தைப் பாருங்கள். விடுமுறை என்னும் சொல்லில் ‘விடு’ மட்டுமில்லை, ‘முறை’யும் இருக்கிறது. முறை என்பதற்கு நீதி என்பதும் ஒரு பொருள். பள்ளியை மூடினாலும் திறந்தாலும் அந்த முறை தவறாதிருப்பதே நம் கடமை.