துபாய் என்று நம்பிய மெட்ராஸ்

1987ல் வெளிவந்த ‘நாடோடிக்காற்று’ மலையாளிகளுக்கு மனப்பாடம். ஆனால் கதையில் பாதிக்கு மேல் சென்னையில் நடந்தும், தமிழ்நாட்டில் இந்தப் படத்தை அறிந்தவர்கள் குறைவு. சித்திக்–லால் இரட்டையர் தந்த கதைக்குத் திரைக்கதையும் வசனமும் எழுதியவர் ஸ்ரீனிவாசன். இயக்கியவர் சத்யன் அந்திக்காடு. தாசனாக மோகன்லாலும் விஜயனாக ஸ்ரீனிவாசனும் நடித்தார்கள்.

இருவரும் ஓர் அலுவலகத்தில் பியூன்கள். தாசன் பி.காம். முதல் வகுப்பு, விஜயன் பிரீ டிகிரியில் தோற்றவன். சம்பளம் ஒன்று, வாடகை அறை ஒன்று, பசியும் ஒன்றுதான். ஆனாலும் தாசன் தன் பட்டத்தைச் சொல்லி விஜயனை ஏவிக்கொண்டே இருப்பான். விஜயன் முணுமுணுத்துக்கொண்டே வேலையைச் செய்து, சமயம் பார்த்து வாரிவிடுவான். படத்தின் சிரிப்பில் பெரும்பகுதி இந்த உரசலில்தான் பிறக்கிறது. இருவரும் ஒருவரையொருவர் விட்டுப் போகாததற்குப் பாசம் மட்டும் காரணமில்லை, போக வேறு இடமும் இல்லை.

வழியில் வம்பிழுத்த ஆள் புதிய மேலதிகாரியாக வந்து நிற்க, வேலை போகிறது. வங்கிக் கடனில் இரண்டு மாடுகள் வாங்குகிறார்கள். பால் விற்றே பணக்காரராகிவிடலாம் என்று கணக்குப் போட்டு முடித்த பிறகுதான், மாடுகள் அதற்கு ஒத்துழைக்காது என்பது தெரிகிறது. மிச்சமிருக்கும் வழி வளைகுடா. எழுபதுகளின் எண்ணெய் விலை ஏற்றத்துக்குப் பிறகு கேரளத்தின் பல வீடுகள் அங்கிருந்து வந்த பணத்தில்தான் எழுந்தன. விசா கிடைக்காதவர்கள் திருட்டுத்தனமாகப் படகேறிப் போன கதைகளும் ஊருக்கு ஊர் இருந்தன. மாமுக்கோயா நடித்த கஃபூர் அப்படியொரு படகுத் தரகர். கலிஃபோர்னியா போகும் ‘உரு’ என்னும் மரக்கலத்தை அவர்களுக்காகத் துபாய்ப் பக்கம் திருப்பிவிடுவதாகச் சொல்லிப் பணத்தைக் கறக்கிறார். பூகோளம் தெரிந்தவர் சிரிக்க வேண்டிய வசனம் அது. பட்டதாரி தாசன் சிரிப்பதில்லை, நம்பிவிடுகிறான்.

இரவில் இறக்கிவிடப்பட்ட கரையில் இருவரும் கஃபூர் சொன்னபடி அரபு உடை மாட்டிக்கொண்டு நடக்கிறார்கள். அங்கே தமிழ் எழுத்துகள் கண்ணில் படுகின்றன. வந்திருப்பது துபாய் அல்ல, மெட்ராஸ்! ஏமாற்றத்தை விளக்க ஒரு வசனமும் தேவைப்படாத இடம் அது. இந்தக் காட்சி வெறும் இடம் மாறிய நகைச்சுவையாக நின்றுவிடாததற்குக் காரணம், மலையாளிக்கு வளைகுடாவுக்கு முந்திய ‘வெளிநாடு’ மெட்ராஸ்தான். ஹோட்டல் வேலையோ கம்பெனி வேலையோ சினிமா வாய்ப்போ, எதைத் தேடுவதானாலும் முந்தைய தலைமுறை ரயிலேறியது இங்கேதான். தந்தையர் வந்து சேர்ந்த அதே ஊரில் மகன்கள் துபாய் என்று நம்பிக் கரையேறுகிறார்கள்.

அரபு உடையே அடுத்த வம்பையும் கொண்டுவருகிறது. கடத்தல்காரர்கள் தங்கள் ஆட்கள் என்று தவறாக எண்ணிப் பெட்டியை மாற்றிவிடுகிறார்கள். உள்ளே போதைப்பொருள். போலீசிடம் அதை ஒப்படைத்த குற்றத்துக்காக, கடத்தல் தலைவன் அனந்தன் நம்பியார் (திலகன்) இவர்களை ரகசியப் போலீஸ் என்றே முடிவு கட்டுகிறான். தீர்த்துக்கட்ட வரும் பவநாயி (கேப்டன் ராஜு) துப்பாக்கியோடு வில், அம்பு, மலப்புரம் கத்தி வரை வைத்திருக்கும் கூலிக் கொலைகாரன். கடைசியில் ஒரு கோபுரத்திலிருந்து விழுந்து தானே சாகிறான். இந்தப் பகுதி கொஞ்சம் நீளம் என்றாலும் பவநாயிக்காகப் பொறுத்துக்கொள்ளலாம். உச்சக்கட்ட அடிதடிக்கு அந்தச் சலுகை இல்லை.

நடுவே விஜயன் சினிமா வாய்ப்புக் கேட்டு அலையும் காட்சியில் இயக்குநர் ஐ.வி. சசியும் நடிகை சீமாவும் தாங்களாகவே தோன்றுகிறார்கள். மலையாள சினிமா அன்று பெருமளவுக்குக் கோடம்பாக்கத்தை நம்பி இருந்ததால் கதையில் இது இயல்பாகப் பொருந்துகிறது. ஸ்ரீனிவாசனே சென்னை நடிப்புப் பள்ளியில் ரஜினிகாந்த் படித்த காலத்தில் பயின்றவர். இசையமைத்த ஷ்யாமும் சென்னைக்காரர்தான்.

இந்தக் கதை 1988ல் ‘கதாநாயகன்’ என்று தமிழுக்கு வந்தது. முக்தா சீனிவாசன் இயக்க, பாண்டியராஜனும் எஸ்.வி. சேகரும் நண்பர்களாக நடித்தார்கள். நாயகி ரேகா. நகைச்சுவையில் கைதேர்ந்த இருவர் கிடைத்தும் மூலப்படத்துக்குக் கேரளத்தில் அமைந்த ஆயுள் இதற்கு அமையவில்லை. தமிழ் எழுத்தைப் பார்த்துத் திடுக்கிடும் மலையாளியின் நிலை தமிழனுக்கு வாய்க்காது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். கதையை மொழிபெயர்க்க முடிந்தது, அந்தத் திடுக்கிடலை முடியவில்லை.

மலையாளத்தில் தாசனும் விஜயனும் ரகசியப் போலீசாகவே வேலைக்குச் சேர்வதோடு படம் முடிகிறது. அதைத் தொடர்ந்து 1988ல் ‘பட்டணப் பிரவேசம்’ வந்தது. 1990ல் பிரியதர்ஷன் இயக்கிய ‘அக்கரே அக்கரே அக்கரே’ இருவரையும் அமெரிக்காவுக்கே அனுப்பியது. இந்த முறை அரசுச் செலவில், விமானத்தில். சிரிப்புக்கு அதிலும் குறைவில்லை. ஆனால் மாதச் சம்பளம் வந்துவிட்ட தாசனும் விஜயனும் வேறு ஆட்கள்.