ஒன்பது தாள்களுக்கு நடுவே ஓர் ஆய்வேடு

சட்ட மேற்படிப்பான எல்.எல்.எம். ஓராண்டா, ஈராண்டா என்ற வழக்காடல் பல ஆண்டுகளாக நடக்கிறது. 2012-இல் பல்கலைக்கழக மானியக் குழு ஓராண்டுப் படிப்புக்கு வழிவிட்டது. இந்திய பார் கவுன்சில் தன் 2020-ஆம் ஆண்டு விதிகளால் அதை நீக்க முனைந்தது. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் உச்ச நீதிமன்றப் படியேறின. இந்த இழுபறியில் யாரும் அதிகம் பேசாத விஷயம் ஆய்வேடு. மானியக் குழுவின் ஓராண்டுத் திட்டத்தில் கட்டாயத் தாள்கள் மூன்று, விருப்பத் தாள்கள் ஆறு. ஆய்வேடு ஒன்றுதான், மொத்த கிரெடிட்டில் அதன் பங்கு கால்வாசிக்கும் குறைவு. பி.எல். வகுப்பில் படித்ததையே இன்னும் சற்று விரிவாகப் படித்துத் தேர்வெழுத ஒரு மேற்படிப்பு எதற்கு?

சட்ட ஆய்வு என்ன செய்யும் என்பதற்கு மதுரா வழக்கே சான்று. காவல் நிலையத்தில் பழங்குடிப் பெண் ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதாகத் தொடரப்பட்ட அவ்வழக்கில், இரு காவலர்களையும் 1978-இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அடுத்த ஆண்டே உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தாகம்வார் ஆகிய நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினர். அடங்கிப்போவதும் சம்மதிப்பதும் ஒன்றல்ல என்று தீர்ப்பின் தர்க்கத்தையே பிரித்துக் காட்டினர். நாடெங்கும் பெண்கள் இயக்கங்கள் எழுந்தன. 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நடந்த குற்றங்களில், உறவு நடந்தது நிரூபணமாகி, தான் சம்மதிக்கவில்லை என்று பெண் சொன்னால், நீதிமன்றம் அதையே அனுமானமாகக் கொள்ளவேண்டும் என்றானது.

மடல் எழுதியவர்கள் தேர்ந்த பேராசிரியர்கள், மாணவரால் அது ஆகுமா என்று கேட்கலாம். ஆனால் தீர்ப்பை ஆவணத்தோடு ஒப்பிட்டு ஐயுறும் பழக்கம் பயிற்சியால்தான் வரும். வக்கீலாகப் பதிவு செய்ய பி.எல். போதுமே என்பது இன்னொரு வாதம். அது சரியானதே. சிவில் நீதிபதி தேர்வுக்கு மூன்றாண்டுத் தொழில் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மீண்டும் விதித்தபின், நீதிபதியாக விரும்புகிறவர் நேரே நீதிமன்றம் போவதே உசிதம். எல்.எல்.எம். எல்லோருக்குமானதாக இருக்கத் தேவையில்லை. ஆய்வுக்கு ஓராண்டு போதாது என்பாரும் உண்டு; ஆனால் கூடுதல் ஆண்டு கூடுதல் தாள்களிலேயே கரைந்தால் பயனில்லை.

ஆய்வுக்குப் பொருள் பக்கத்திலேயே இருக்கிறது. தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் சாட்சியமும் தீர்ப்பும் தமிழில் அமையச் சட்டம் இடம் தருகிறது. அரசமைப்பின் 348-ஆம் பிரிவுப்படி உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். சாட்சி தமிழில் சொன்னது மேல்முறையீட்டில் ஆங்கிலமாகும்போது என்ன மாறுகிறது என்பதை இரு மொழியும் சட்டமும் அறிந்தவரே ஆராய முடியும். பாதி கிரெடிட்டை ஆய்வேட்டுக்கு ஒதுக்கி, வழக்குக் கட்டுகளைப் படிக்க மாணவரை நீதிமன்றங்களுக்கு அனுப்பட்டும். அதன்பின் ஓராண்டு போதுமா என்று விவாதிப்பதில் பொருள் இருக்கும்.