வீதிப் படத்தில் மறையும் முகங்கள்



கைப்பேசியில் கூகுள் வரைபடத்தைத் திறந்தால், கோலாலம்பூர்த் தெருவை நேரில் நின்று பார்ப்பதுபோல் பார்க்கலாம். கூரைமேல் கேமரா பொருத்திய கார்கள் வீதிவீதியாகச் சென்று எடுத்த படங்கள் அவை. 2007-ஆம் ஆண்டு அமெரிக்காவில் இச்சேவை தொடங்கியபோது, வழிப்போக்கர்களின் முகங்கள் அப்படியே தெரிந்தன. 'எங்களைக் கேளாமல் உலகுக்குக் காட்டலாமா?' என்று எதிர்ப்பு எழுந்தது. எனவே 2008 முதல் முகங்களைக் கணினியே தேடிப் பிடித்து மங்கலாக்கி வருகிறது. வண்டி எண்களையும் அவ்வாறே மறைக்கிறது.

கணினியும் தவறும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் அது ஒரு பசுவின் முகத்தை மறைத்தது 2016-இல் செய்தியானது! சில வேளைகளில் மனித முகம் தப்பிவிடுவதும் உண்டு.

வீட்டையோ, நாம் கேட்டால்தான் மறைப்பார்கள். ஜெர்மனியில் 2010-ஆம் ஆண்டு 2,40,000-க்கும் மேற்பட்ட குடும்பத்தினர் அவ்வாறு கேட்டனர். படத்திலேயே குறையைத் தெரிவிக்கும் இணைப்பு உண்டு. அதை அழுத்தி, மறைக்க வேண்டிய இடத்தைக் காட்டி அனுப்பலாம், கட்டணமில்லை. ஆனால், ஒருமுறை மறைத்தால் மீண்டும் தெளிவாக்க இயலாது. லயத்து வீடென்றால் அண்டை வீட்டாரையும் கலந்துகொள்ளுங்கள். நம் வாசலை உலகம் பார்க்கலாமா என்பதை நாமே முடிவு செய்வோம்.