கண்ணசைவும் மன அதிர்ச்சியும்

பூகம்பம், வெள்ளம், தீ, சாலை விபத்து முதலியவற்றில் சிக்கி உயிர் தப்பியோருள் சிலர், உடற்காயங்கள் ஆறிப் பல மாதங்கள் சென்ற பின்னரும் அமைதி பெறுவதில்லை. கூரையில் மழை விழும் ஓசை கேட்டதும் மீண்டும் வெள்ளத்தின் நடுவே நிற்பவர்போல் நடுங்குகின்றனர். உறக்கம் கெடுகிறது, நடந்ததை நினைவூட்டும் இடங்களையும் மனிதரையும் விலக்குகின்றனர். இக்குறிகள் ஒரு மாதத்திற்கு மேலும் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைக்குமாயின், அதனை அதிர்ச்சிக்குப் பிந்திய மனநோய் என மருத்துவர் வகுப்பர். சாதாரண நினைவு நாளடைவில் மங்கிப் பழங்கதையாகிவிடும். இந்நினைவோ கண்ணெதிரே இப்பொழுதே நிகழ்வதுபோல மீள்கிறது. ஊரார் இதனைப் பேய்க் கோளாறு என்பர். வகுப்பறையில் இது சோம்பல் என்றே பெயர் பெற்றுவிடுவதும் உண்டு.

இந்நோய்க்கு மருந்தின்றிச் செய்யப்படும் சிகிச்சைகளுள் ஒன்று, கண்ணசைவைத் துணையாகக் கொண்டது. ஆங்கில எழுத்துகளால் ஈ.எம்.டி.ஆர். என வழங்கும் இம்முறையை வகுத்தவர் பிரான்சின் ஷபிரோ என்னும் அமெரிக்க உளவியலார். 1987இல் பூங்காவொன்றில் உலாவும்பொழுது, தம் கண்கள் இங்குமங்கும் விரைந்து அசைய, மனத்தை வருத்திய எண்ணங்கள் வலிகுன்றியதைக் கண்டதாக அவர் எழுதியுள்ளார். 1989இல், 22 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவை வெளியிட்டார். பூங்காவில் கண்ட கதையைக் காட்டிலும், அதன் பின்னர் பலர் நடத்திய சோதனைகளே நமக்கு முக்கியமானவை.

சிகிச்சை எட்டுக் கட்டங்களைக் கொண்டது. முதலில் நோயாளியின் வரலாறு அறியப்படுகிறது. துயரம் மேலிட்டால் தம்மை அமைதிப்படுத்திக்கொள்ளும் வழிகளும் கற்பிக்கப்படுகின்றன. அதன் பின்னரே அந்நிகழ்ச்சியின் மிகக் கொடிய காட்சியை மனத்திற் கொள்ளுமாறு கூறி, சிகிச்சையாளர் தம் விரல்களை இடவலமாக ஏறத்தாழ அரை நிமிடம் அசைப்பார். தலையைத் திருப்பாமல் கண்களால் மட்டும் நோயாளி அவ்விரல்களைப் பின்தொடர்வார். பின்பு, மனத்தில் தோன்றியதைச் சுருக்கமாகச் சொல்வார். மீண்டும் அசைவு தொடரும். துயரத்தின் அளவை 0 முதல் 10 வரை நோயாளியே மதிப்பிட்டுக் கூறுவார். நடந்ததை விரிவாக எடுத்துரைக்க வேண்டுவதில்லை என்பது, வாய் திறக்கக் கூசுவோர்க்கு ஒரு பெருந்துணை.

கண் அசைந்தால் மனம் ஆறுவது எங்ஙனம்? மூளையின் இரு பாதிகளையும் இவ்வசைவு இணைக்கிறது என்று முதலிற் சிலர் கருதினர். மேலும் கீழுமாகக் கண்ணை அசைத்தாலும், சிக்கலான படமொன்றை வரைந்தாலும் நினைவின் கூர்மை குறைவதைப் பிற்காலச் சோதனைகள் காட்டியமையால் அவ்விளக்கம் தளர்ந்தது. இன்று வலுவாக நிற்பது வேறொரு விளக்கம். மனக்கணக்குப் போடும் மாணவனிடம் அதே வேளையில் செய்யுளையும் ஒப்பிக்கச் சொன்னால் இரண்டுமே தடுமாறும் என்பதை ஆசிரியர் அறிவர். அவ்வப்பொழுது வேண்டியதைத் தாங்கிநிற்கும் செயற்படு நினைவுக்கு இடம் குறைவு. கொடிய காட்சியும் அசையும் விரலும் அவ்விடத்திற்குப் போட்டியிடுகையில், காட்சி மங்குகிறது. மங்கிய வடிவிலேயே அது மீண்டும் பதிவாகிறது என்று கருதப்படுகிறது. 2019இல் தென்கொரிய ஆய்வாளர், அச்சமூட்டும் ஒலியோடு இடவலமாக மாறிமாறி ஒளியைக் காட்டியபொழுது எலிகளின் அச்சம் நிலையாகக் குறைந்ததைக் கண்டு, அதற்குரிய மூளைப் பாதையையும் குறித்தனர். எலியின் அச்சமும் மனிதனின் துயரமும் ஒன்றல்ல. ஆயினும் இது புறக்கணிக்கத்தக்கதன்று.

பயனளிப்பது கண்ணசைவா, அன்றித் துயரத்தை அஞ்சாமல் நினைத்துப் பார்த்தலா என்னும் வாதம் முற்றிலும் தீரவில்லை. சோதனைகளைத் தொகுத்து 2001இல் வெளியான ஆய்வொன்று அசைவினால் தனிப்பயன் இல்லை என்றது; 2013இல் வெளியான மற்றொன்று உண்டு என்றது. சிகிச்சை முழுமையாகப் பயன் தருகிறது என்பதில் ஐயம் குறைவு. உலகச் சுகாதார நிறுவனம் 2013இல், இந்நோயுற்ற பெரியோர்க்கும் சிறுவர்க்கும் ஏற்ற முறைகளுள் இதனையும் சேர்த்தது.

பேரிடர்க் களங்களிலும் இது சென்றுள்ளது. 1997இல் பாலினா என்னும் சூறாவளி மெக்சிகோவின் அகாபுல்கோ நகரைத் தாக்கிய பின், அங்குள்ள சிறுவர்க்காக விரலசைவுக்குப் பதில் ஓர் எளிய முறை உருவாயிற்று. கைகளை மார்பின் குறுக்கே வைத்து, வண்ணத்துப்பூச்சி சிறகடிப்பதுபோல் மாறிமாறித் தட்டிக்கொள்வதே அது. 2001ஆம் ஆண்டு குஜராத் பூகம்பத்தின் பின்னர் நம் நாட்டு உளவியலாருக்கும் ஈ.எம்.டி.ஆர். பயிற்சி அளிக்கப்பட்டது.

களப்பணியாளரும் ஆசிரியரும் இதனைத் தாமே செய்து பார்த்தல் கூடாது. விரலசைப்பது எளிது, அதனால் கிளர்ந்தெழும் துயரத்தை அடக்குவது எளிதன்று. பேரிடர் நிகழ்ந்த உடனே, நடந்ததை விவரிக்குமாறு ஒருவரைக் கட்டாயப்படுத்துதலும் தவறு. உணவு, உறைவிடம், உறவினரோடு சேர்த்தல், சொல்ல விழைவோர்க்குச் செவி கொடுத்தல் ஆகியவையே முதலுதவி. சிறுவர்க்குப் பள்ளியும் விளையாட்டும் விரைவில் தொடங்குதல் நலம். பெரும்பாலோர் இவற்றாலேயே தேறுவர். ஒரு மாதம் கடந்தும் உறக்கமின்மையும் திடுக்கிடுதலும் தீராதோரையும், உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு எப்பொழுது எழுந்தாலும் அவரை உடனேயும், மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசிச் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.