ஐதராபாத்திலிருந்து சிகாகோ எவ்வளவு தூரம்?

மேல்படிப்புக்கு அமெரிக்கா செல்லும் எண்ணம் இல்லாத அறை நம் விடுதியில் ஒன்றேனும் உண்டோ என்பது ஐயமே. அங்குள்ள பல்கலைக்கழகங்களின் பெயர்களை மனப்பாடமாய் ஒப்புவிப்போம். ஆயின் அவ்வூர்கள் எந்தத் திசையில் உள்ளன என்று கேட்டால், பெரும்பாலோர் மேற்கே கை காட்டுவர். பௌதிக மாணவன் என்ற முறையில் இதைச் சிறிது விளக்க விரும்புகிறேன்.

சிகாகோவையே எடுத்துக்கொள்வோம். சுவரில் தொங்கும் தேசப்படத்தில் ஐதராபாத்திலிருந்து அளவுகோல் வைத்துக் கோடு இழுத்தால், அது அரேபியா, வட ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் வழியே செல்லும். அவ்வழியே பறந்தால் சுமார் 16,100 கிலோமீட்டர். இனி, பூகோள உருண்டையின் மேல் இவ்விரு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் மேற்கே போகாது! ஏறக்குறைய நேர் வடக்கே ஏறி, 79 பாகை வட அட்சரேகையைத் தொட்டு, கிரீன்லாந்து, கனடா வழியாகச் சிகாகோவில் இறங்கும். அதன் நீளம் சுமார் 13,280 கிலோமீட்டர். இதற்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். தட்டையான படம் துருவப் பகுதிகளை இழுத்து விரித்துவிடுவதால்தான் இக்குறுக்கு வழி நம் கண்ணுக்குப் படுவதில்லை. மிச்சமாகும் தூரமோ, இங்கிருந்து சென்னைக்குள்ள வான்வழித் தூரத்தைப் போல் ஐந்து மடங்குக்கும் அதிகம்.

விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர் எனக் கொண்டால், பதினைந்து மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்று கணக்குச் சொல்லும். ஆயின் 2021 ஜனவரியில் ஏர் இந்தியா இவ்விரு ஊர்களுக்கும் நேர் விமானம் விட்டபோது (அது பின்னர் நின்றுபோயிற்று), செல்வதற்கு 16 மணி நேரத்துக்கும் மேலாயிற்று. விமானம் நூல் போன வழியே போக முடியாது. வழியில் இமயமும் அதன் பின்னுள்ள உயர்ந்த மலைகளும் நிற்கின்றன. விமானத்தினுள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால் உடனே மூன்று கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்கியாக வேண்டும். அங்கோ தரையே அதைவிட உயரம்! எதிர்க்காற்றும் உண்டு. அரசியலும் உண்டு. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வழியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, தில்லியிலிருந்து மேற்கே சென்றவை அரபிக்கடலைச் சுற்றிப் போயின.

இனிக் கடிகாரம். குளிர்காலத்தில் சிகாகோ நம்மைவிடப் பதினொன்றரை மணி பின்தங்கியது. பகல் 1 மணிக்கு இங்கே ஏறிப் பதினாறரை மணி நேரம் பறப்பவர், அன்றே மாலை 6 மணிக்கு அங்கே இறங்குவார். கடிகாரத்தை நம்பினால் பயணம் ஐந்தே மணி நேரம்! திரும்பும்போது அந்தக் கடன் வட்டியோடு வசூலாகும். வெள்ளி இரவு ஒன்பதரைக்கு அங்கே ஏறுபவர், பதினைந்தரை மணி நேரமே பறந்தாலும், இங்கே இறங்கும்போது ஞாயிறு பிறந்து அரை மணி ஆகியிருக்கும்.

இது வெறும் வேடிக்கையன்று. எங்கள் குடும்பம் பிழைப்புக்காகச் செகந்திராபாத் வந்து குடியேறியது. சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். சென்ற ஆண்டு அங்கே ஒரு பெரியவர் காலமானார். மூத்த மகன் சிகாகோவில். "வெள்ளி ராத்திரி ஏறிட்டானாம், சனி காலையில வந்துருவான்" என்று சொல்லி, பந்தல் போட்டுச் சொந்தபந்தங்களை வரவழைத்துவிட்டார்கள். அவரோ வழியில் ஓரிடத்தில் விமானம் மாறி, மதுரையில் இறங்கி, ஞாயிறு பிற்பகலில்தான் வாசலில் வந்து நின்றார். அவர் தாயார் சனிக்கிழமை முழுதும் தெருமுனையையே பார்த்திருந்தார்.

அமெரிக்கா செல்லும் நண்பர்களே, வீட்டுக்குச் செய்தி சொல்லும்போது ஏறும் நேரத்தைச் சொல்லாதீர்கள். வீட்டு வாசலுக்கு வந்து சேரும் கிழமையையும் மணியையும், நம் ஊர்க் கடிகாரப்படி சொல்லுங்கள்.