மணலோடு ஒரு பேரம்

நிலவழியாக உலகைச் சுற்றப் புறப்படும் வண்டிகளைக் கவனித்தால், எல்லாமே கிட்டத்தட்ட ஒரே மாதிரி மூட்டை கட்டியிருக்கும். பக்கவாட்டில் இரண்டு நீளப் பலகைகள், பின்கதவில் இருபது லிட்டர் கேன்கள், டயரில் காற்றை இறக்கவும் ஏற்றவும் ஒரு மானியும் பம்பும், ஓட்டுநருக்கு எதிரே திசை காட்டும் கருவி. சாகசத்துக்கான அலங்காரம் போலத் தெரியும் இந்தச் சாமான்களின் கதை ஒரே பாலைவனத்தின் வழியாகப் போகிறது. எகிப்தின் மேற்கிலும் லிபியாவின் கிழக்கிலும் கிடக்கும் பாலை அது. 1920களின் நடுவிலிருந்து இரண்டாம் உலகப் போர் வரையிலான பதினைந்து ஆண்டுகளில், மோட்டார் வண்டியால் எங்கே போக முடியும் என்ற கேள்விக்கு அங்கே புதிய விடை கிடைத்தது.

அந்தப் பாலைக்குள் 'பெரும் மணற்கடல்' என்று ஒரு பகுதி உண்டு. பரப்பு ஏறக்குறைய 72,000 சதுர கி.மீ. நூறு மீட்டர் உயரம் வரை எழும் மணல்மலைகள் வடக்கு தெற்காக, ஒன்றுக்குப் பின் ஒன்றாக வரிசை கட்டி நிற்கும். 1874இல் ஜெர்மானியப் பயணி கெர்ஹார்ட் ரோல்ஃப்ஸ் ஒட்டகங்களோடு கிழக்கிலிருந்து மேற்கே கடக்கப் பார்த்தார். வரிசைகளை ஏறி இறங்கி மாளவில்லை. அபூர்வமாகப் பெய்த ஒரு மழை தாகத்தைத் தீர்த்தது. பிறகு மேற்கை விட்டுவிட்டு, மணல்வரிசைகளுக்கு இடைப்பட்ட சந்து வழியே வடக்கே நடந்து சிவா பாலைச்சோலையை அடைந்தார்.

அரை நூற்றாண்டு கழித்து அங்கே வந்தவர் ரால்ஃப் பேக்னால்ட். பிரிட்டிஷ் ராணுவத்தில் தகவல் தொடர்புப் பிரிவு அதிகாரி. கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்தவர். 1926இல் எகிப்துக்கு மாற்றலாகி வந்தவர், விடுமுறை கிடைத்தபோதெல்லாம் நண்பர்களோடு சொந்தச் செலவில் பாலைக்குள் வண்டி விட்டார். அதே காலத்தில் எகிப்திய இளவரசர் கமால் அல்தீன், பின்சக்கரங்களுக்குப் பதில் பட்டை ஓடும் விலையுயர்ந்த சித்ரோயன் வண்டிகளில் அங்கே போய்வந்தார். பேக்னால்டின் கூட்டத்துக்கு அந்த வசதி இல்லை. முதலில் ஃபோர்டு மாடல் டி, 20 குதிரைத்திறன். பிறகு மாடல் ஏ, 40 குதிரைத்திறன். இன்று நம் தெருவில் ஓடும் சின்னக் கார்கள் பலவற்றில் 65க்கு மேல் இருக்கிறது. நான்கு சக்கர இயக்கமும் கிடையாது. பின்சக்கரங்கள் இரண்டு மட்டுமே தள்ளும். இந்த வண்டிகள்தான் மணற்கடலைக் கடந்தன. பலம் இல்லாததால்தான் அவர்கள் மணலைப் படிக்க வேண்டியிருந்தது.

காற்றை இறக்கு

வண்டி மணலில் சிக்கினால் யாருக்கும் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கத்தான் தோன்றும். மிதித்தால் சக்கரம் தனக்கடியிலுள்ள மணலைப் பின்னால் வாரி இறைத்துத் தன் குழியைத் தானே தோண்டும். கடைசியில் வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்துவிடும். அதன்பின் சக்கரம் சுற்றுவது வெறும் சத்தம்.

பேக்னால்டின் கூட்டம் எதிர்த்திசையில் யோசித்தது: எடையைக் குறைக்க முடியாது, பரப்ப முடியும். பெட்ரோல் பங்க்கில் 'முப்பத்தஞ்சு' என்று சொல்லிக் காற்றடிக்கிறோமே, அது ஒரு சதுர அங்குலத்துக்கு 35 பவுண்டு அழுத்தம். டயர்ச் சுவரின் விறைப்பைக் கணக்கில் எடுக்காவிட்டால், டயர் தரையை அழுத்துவதும் ஏறக்குறைய அதே அளவில்தான். ஒரு சக்கரத்தின் மேல் 500 கிலோ இருந்தால், 35இல் அது தரையைத் தொடும் பரப்பு சுமார் 200 சதுர செ.மீ. காற்றை 15க்கு இறக்கினால் அதே சுமையைத் தாங்க 470 சதுர செ.மீ. வேண்டும், டயர் நசுங்கி அந்தப் பரப்பைத் தானே எடுத்துக்கொள்ளும். அகலத்தைவிட நீளவாக்கில்தான் அது அதிகம் பரவும் என்பதால், இளவரசரின் பட்டை வண்டியில் பாதி குணம் செலவில்லாமல் வந்துவிடும். ஒட்டகத்தின் குளம்பில்லாத அகன்ற பாதமும் மிதிக்கும்போது விரிந்து இதையே செய்கிறது.

ஆனால் காற்று குறைந்த டயர் கெட்டிச் சாலையில் வேகமாக ஓடினால், அதன் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து சூடேறிக் கிழியும். அதனால்தான் மணலை விட்டு வெளியே வந்ததும் மறுபடி காற்றேற்றப் பம்பு வேண்டும். பாலைப் பயணத்தில் அது ஆடம்பரப் பொருள் இல்லை.

இத்தனைக்கும் மேல் வண்டி புதைந்தால் பலகைகள் இறங்கும். கெய்ரோவின் பழைய இரும்புக் கடையில் கிடந்த எஃகுத் தகடுகளைப் பேக்னால்ட் வாங்கி வந்தார். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளுக்குக் கூரை போடச் செய்த தகடுகள் அவை. சக்கரத்துக்கு முன்னால் மணலைச் சரிவாகத் தோண்டித் தகட்டைச் செருகினால், சக்கரம் அதைக் கவ்வி ஏறி வெளியே வந்துவிடும். பிற்காலப் பயணிகள், இரண்டாம் உலகப் போரில் தற்காலிக விமான ஓடுதளம் போடப் பயன்பட்ட ஓட்டைத் தகடுகளை எடுத்துக்கொண்டார்கள். இப்போது பல வண்ணங்களில் வரும் பிளாஸ்டிக் பலகைகள் அந்த வம்சம்தான்.

எந்த மணல் தாங்கும்?

ஒரே குன்றில் ஒரு பக்கம் தார்ச்சாலை போல உறுதியாக இருக்கும். மறுபக்கம் கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும். மணல் அதே மணல்தான். அது வந்து சேர்ந்த விதம் வேறு.

காற்று வீசும்போது மணல்துகள்கள் தூசியைப் போல மிதப்பதில்லை. துள்ளித் துள்ளிப் போகின்றன. ஒரு துகள் விழும் வேகத்தில் கீழே கிடக்கும் துகள்களைத் தட்டி எழுப்பும். அவை எழுந்து விழுந்து இன்னும் சிலவற்றை எழுப்பும். இப்படி ஓயாமல் அடி வாங்கும் காற்றெதிர்ச் சரிவில் துகள்கள் இண்டு இடுக்கு இல்லாமல் நெருங்கி அடைபடுகின்றன. உச்சியைத் தாண்டிய மணலோ மறுபக்கம் சரிந்து விழுந்து, சுமார் 33 பாகைச் சாய்வில் தளர்வாகக் குவிந்து கிடக்கிறது.

நெருங்கிய அடுக்குக்கு ஒரு வினோத குணம் உண்டு. அதிலுள்ள துகள்கள் நகர வேண்டுமானால் ஒன்றன் மேல் ஒன்று ஏறியாக வேண்டும். அதாவது மணல் முதலில் விரிய வேண்டும். மேலே இருக்கும் எடை அதை விரிய விடாது. எனவே அது எதிர்த்து நிற்கிறது. 1885இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதை விளக்கினார். கடற்கரையில் ஈர மணலை மிதிக்கும்போது பாதத்தைச் சுற்றி ஒரு கணம் உலர்ந்தாற்போல வெளுப்பதும் இதனால்தான். மிதித்ததும் மணல் விரிகிறது, நீர் அந்த இடைவெளிக்குள் இறங்கிவிடுகிறது. தளர்வான மணலில் எதிர்ப்புக்கு இடமே இல்லை. மிதித்தால் நொறுங்கி அமிழும்.

இது தெரிந்தவருக்குக் குன்றே சாலை வரைபடம். பேக்னால்ட் செங்குத்துச் சுவர் போலத் தெரிந்த மணல்முகத்தை நோக்கி மணிக்கு ஏறக்குறைய 60 கி.மீ. வேகத்தில் வண்டியை விட்டார். முட்டிக்கொண்டு நிற்கும் என்று எண்ணிய வண்டி வழுக்கிக்கொண்டு மேலேறியது. உச்சியில்தான் எச்சரிக்கை வேண்டும். அப்பால் இருப்பது சரிவுமுகம். ஏறிய வேகத்திலேயே தாண்டினால் வண்டி குப்புற விழும். வேகத்தைக் கட்டி, இறங்கிப் பார்த்து, பிறகுதான் போக வேண்டும்.

ஆவியைத் திருப்பிப் பிடி

மணலில் தாழ்ந்த கியரில் ஊரும் எஞ்சின் கொதிக்கும். பின்னாலிருந்து காற்று அடித்தால் ரேடியேட்டருக்குள் காற்றோட்டமே இருக்காது. நீர் ஆவியாகி வெளியேறும். குடிநீரையே அளந்து ஊற்றும் இடத்தில் எஞ்சினுக்கு எங்கே போவது?

ஆனால் கொதிப்பது நல்லதும்கூட. ஒரு கிராம் நீரை 30 பாகை செல்சியஸிலிருந்து 100 வரை சூடாக்கச் சுமார் 290 ஜூல் வெப்பம் போதும். அதே கிராமை ஆவியாக்க 2,257 ஜூல் வேண்டும், ஏழு மடங்குக்கும் மேல். நீர் மிக அதிகமாகக் குளிர்விப்பது அது ஆவியாகும் அந்தக் கட்டத்தில்தான். ஆவியை விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டால் போதும்.

ரேடியேட்டரின் வழிந்தோடும் வாயை அடைத்து, ஆவி ஒரு குழாய் வழியாக வண்டியின் பக்கத்தில் கட்டிய தகரக் கேனுக்குப் போகும்படி செய்தார்கள். கேனில் பாதி நீர். இட்லிக் குண்டான் மூடியில் ஆவி முத்து முத்தாக நீராவதைப் போல, அந்த நீருக்குள் புகுந்த ஆவி மறுபடி நீராகிவிடும். அதற்கும் எல்லை உண்டு. 30 பாகையில் இருக்கும் பத்து லிட்டர் நீர், சுமார் 1.3 லிட்டருக்கான ஆவியை வாங்கிக்கொள்வதற்குள் தானும் கொதிநிலைக்கு வந்துவிடும். கேன் குமுறத் தொடங்கினால் வண்டியை நிறுத்தி முகத்தைக் காற்றுக்கு எதிரே திருப்பி வைப்பார்கள். ரேடியேட்டர் ஆறும், உள்ளிருந்த ஆவி சுருங்கும், அந்த வெற்றிடம் கேனிலிருந்த நீரைக் 'களக்'கென்று திரும்ப இழுத்துக்கொள்ளும். ஒரு துளி வீணில்லை. இன்று பெரும்பாலான கார்களில் பானட்டுக்கு அடியில் இருக்கும் கூலன்ட் டப்பா இந்த ஏற்பாட்டுக்கு நெருங்கிய உறவு.

ஒரு நிழலும் ஒரு கடிகாரமும்

காந்த ஊசி வண்டிக்குள் பொய் சொல்லும். சுற்றிலும் இரும்பு, ஏற்றிய சாமான் இடம் மாறினாலும் ஊசி இடம் மாறும். சரியான திசை வேண்டுமானால் வண்டியை நிறுத்தி, இறங்கித் தள்ளிப்போய்ப் பார்க்க வேண்டும். முதல் உலகப் போரிலேயே இங்கு ரோந்து போன கார்ப்படையினர் சூரியனைத் துணைக்கு அழைத்திருந்தார்கள். பேக்னால்ட் அந்தக் கருவியை மேலும் செம்மைப்படுத்தினார். பாகைகள் பொறித்த வட்டத் தட்டு, நடுவில் செங்குத்தாக ஓர் ஊசி. ஊசியின் நிழல் வேண்டிய பாகையில் விழும்படி ஓட்டினால் போதும். சூரியன் நகர்வதற்கு ஏற்பத் தட்டைச் சிறிது நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். சூரியனின் திசை நாள் முழுக்க ஒரே சீராக மாறாததால் அதற்கென்று அட்டவணை உண்டு. கோடையில் நண்பகலில் சூரியன் உச்சிக்கு வந்து நிழல் சுருங்கிவிடும். அதுதான் மதிய ஓய்வு நேரம்.

பகலில் திசையும் ஓடிய தூரமும் குறித்துக்கொள்வார்கள். இரவில் நட்சத்திரங்களை அளந்து சரிபார்ப்பார்கள். தீர்க்கரேகைக்குத் துல்லியமான நேரம் தேவை. பூமி நான்கு நிமிடத்தில் ஒரு பாகை சுழல்கிறது. கடிகாரம் நான்கு வினாடி தவறினால் அந்தப் பாலையில் நாம் இருக்கும் இடம் ஒன்றரைக் கி.மீ.க்கு மேல் தவறும். வானொலியில் வந்த நேர அறிவிப்பு இந்தச் சிக்கலை ஒழித்தது. இன்றைய ஜிபிஎஸ்ஸும் நேரத்தை அளந்துதான் இடம் சொல்கிறது. அங்கே பிரச்சினை வினாடிகளில் இல்லை. ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே 300 மீட்டர் பிசகும்.

பேக்னால்ட் 1935இல் ராணுவத்தை விட்டிருந்தார். போர் தொடங்கியதும் மறுபடி அழைக்கப்பட்டார். கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போன அவருடைய கப்பல் விபத்தில் சிக்கியதால் எகிப்தில் இறங்க நேர்ந்தது. 1940இல் தளபதி வேவலின் ஒப்புதலோடு அவர் அமைத்த நெடுந்தூரப் பாலைவனப் படை, தகட்டையும் கேனையும் நிழற்கருவியையும் ஷெவர்லே லாரிகளில் ஏற்றிக்கொண்டு, கடக்க முடியாதது என்று எதிரி நம்பிய மணற்கடலைத் தாண்டிப் போனது.

அந்தப் போர்முனையில்தான் கேன்களும் புகழ்பெற்றன. பிரிட்டிஷாரின் மெல்லிய பெட்ரோல் டின்கள் வழியெல்லாம் ஒழுகின. ஜெர்மானியர் 1930களில் வடிவமைத்த இருபது லிட்டர் கேன் கைக்குக் கிடைத்தபோது அதையே எடுத்துக்கொண்டார்கள். மூன்று கைப்பிடிகள் இருப்பதால் காலி கேன்களை ஒரு கைக்கு இரண்டாகத் தூக்கலாம். பக்கங்களில் அழுத்திய பள்ளங்கள் தகட்டை வலுவாக்குவதோடு உப்பவும் இடம் தரும். இருபது லிட்டர் பெட்ரோல் 30 பாகை சூடேறினால் அரை லிட்டருக்கு மேல் விரியும். மேலே விட்டிருக்கும் காற்றறையால் நிறைந்த கேன்கூட நீரில் மிதக்கும்.

பாலையிலிருந்து செவ்வாய்க்கு

படைக்குத் திரும்புவதற்கு முன் பேக்னால்ட் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் தானே ஒரு காற்றுச் சுரங்கம் கட்டி, உள்ளே மணலைப் பறக்கவிட்டு அளந்தார். தரையை உரசும் காற்றின் வேகம் இரட்டித்தால், அது அள்ளும் மணல் ஏறக்குறைய எட்டு மடங்காகும் என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. ஆண்டில் சில நாளே வீசும் சூறைக்காற்று குன்றுகளின் வடிவத்தைத் தீர்மானிப்பது இதனால்தான். 1941இல் வெளிவந்த அவருடைய மணல் இயற்பியல் நூல் இன்றும் அத்துறையின் அடிப்படை. 1944இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

செவ்வாயில் கியூரியாசிட்டி ஊர்தி 2015இல் போய் ஆராய்ந்த மணற்குன்றுகளுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கேயும் மணல் வண்டிகளைச் சோதிக்கிறது. 2009இல் ஸ்பிரிட் ஊர்தி, கெட்டியான மேல்தோலுக்கு அடியில் மறைந்திருந்த தளர்ந்த மணலில் சிக்கி மீளவே இல்லை. அதன் உலோகச் சக்கரத்தில் இறக்கக் காற்று கிடையாது, பலகை போட ஆளும் கிடையாது. 2014இல் ஒரு மணல் பள்ளத்தாக்கில் கியூரியாசிட்டியின் சக்கரங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வழுக்கத் தொடங்கியதும், கலிபோர்னியாவிலிருந்து அதை ஓட்டும் குழு முன்னேறும் எண்ணத்தைக் கைவிட்டு ஊர்தியைப் பின்னோக்கி வெளியே எடுத்தது. மணலில் ஓட்டப் பழகும் எவருக்கும் முதலில் சொல்லித்தரும் விதியும் அதுதான்: சக்கரம் சுழன்றால் மிதிக்காதே, வந்த தடத்திலேயே பின்னால் வா. ஒருமுறை எடையைத் தாங்கி இறுகிய மணல் மறுமுறையும் தாங்கும்.